துண்டுக்கு வெளியே ஒரு விலை

நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமும் கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலும் வீட்டிலிருந்தபடியே கன்டென்ட் எழுதிப் பிழைக்கும் தம்பி தங்கைகளுக்கு, பேளுக்குறிச்சியிலிருந்து உங்கள் அக்கா எழுதுவது.

போன வாரம் உங்களில் ஒருத்தி போனில் கேட்டாள். “அக்கா, புது ஏஜென்சி ஒண்ணு. வார்த்தைக்கு முப்பத்தஞ்சு பைசா தர்றாங்களாம். ஒத்துக்கட்டுங்களா?” நான் திருப்பிக் கேட்டேன். “ஆயிரம் வார்த்தைக் கட்டுரை ஒண்ணு முடிக்க உனக்கு எத்தனை மணி நேரம் ஆகுது கண்ணு?” மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அதையெல்லாம் பார்க்கறதில்லைங்க அக்கா. காலையில உக்காந்தா சாயங்காலம் முடிஞ்சிரும்” என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் எழுத வந்த புதிதில் என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அதனால் அவளுக்குத் தனியாகச் சொல்லி முடிப்பதைவிட உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவள் சொன்ன கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆயிரம் வார்த்தைக்கு 350 ரூபாய். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு கட்டுரை என்றால், அதுதான் அவளுடைய ஒரு நாள் சம்பளம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். பதினான்கு ரூபாய்தான் வித்தியாசம். அந்த வேலைக்கு லேப்டாப் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், எம்.ஏ. ஆங்கிலம் வேண்டாம். மண்வெட்டி பிடிக்கிற கையைக் குறைத்துச் சொல்லவில்லை. என் அம்மா பிடித்த மண்வெட்டியில்தான் நான் படித்தேன். அந்தக் கூலிக்காவது அரசாங்கம் ஒரு எண்ணை அறிவிக்கிறது, அந்த எண் எல்லோருக்கும் தெரிகிறது. நம் கூலி என்ன என்று யாருக்குத் தெரியும்?

புதன்சந்தை மாட்டுச் சந்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் அப்பாவையோ தாத்தாவையோ கேளுங்கள். தரகர் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்கிறவருக்கு விலை தெரியாது. அடுத்த மாட்டுக்காரர் என்ன விலைக்கு விற்றார் என்பதும் தெரியாது. எல்லா விலையும் தெரிந்தவர் ஒருவரே, அவர் தரகர்.

நாம் எழுத்தை விற்பது இப்படித்தான். நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன வாங்குகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டால் கூச்சம், சொன்னால் பயம். நம் இத்தனை பேருக்கும் வேலை கொடுக்கிற ஏஜென்சிக்காரருக்கு மட்டும் எல்லா விரலும் தெரியும். ஒருத்தி எழுபது பைசா கேட்டால், “உங்க ஊர்லயே முப்பதுக்கு எழுத ஆள் இருக்கு” என்று சொல்ல அவரால் முடிவது அதனால்தான். அந்த முப்பது பைசா ஆள் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். நீங்களும் அவரும் ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கலாம்.

இதே மாவட்டத்தில் இன்னொரு சரக்கு இருக்கிறது. அதன் விலை துண்டுக்கு அடியில் இல்லை, தினமும் பேப்பரில் வருகிறது. முட்டை. நாமக்கல் மண்டலத்தில் இன்றைக்கு முட்டை விலை இவ்வளவு என்று நாம் சின்ன வயதிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நம் ஆட்கள்கூட யோசிப்பதில்லை.

1980களின் தொடக்கம் வரைக்கும் முட்டைக்குப் பண்ணைக்காரர் விலை சொன்னதில்லை. பெருநகர மொத்த வியாபாரி சொன்னதுதான் விலை. தீவனத்துக்குப் போட்ட காசு கூட வராமல் விற்று, கோழியை விற்று, பண்ணையை மூடியவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் டாக்டர் பி.வி. ராவ் ஊர் ஊராகப் பண்ணைக்காரர்களைக் கூட்டிப் பேசினார். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாம் என்இசிசி என்று சொல்வது, உருவானது. என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை என்பது அவர்கள் முழக்கம். உடைந்துபோகிற, சில நாளில் கெட்டுப்போகிற ஒரு பொருளை வைத்திருப்பவர் பேரத்தில் எப்போதும் பலவீனமானவர். வியாபாரி காத்திருப்பார், முட்டை காத்திருக்காது. அந்த நிலையில் இருந்தவர்கள்தான் விலையை நாங்கள் சொல்கிறோம் என்று எழுந்து நின்றார்கள்.

அறிவித்த விலை அப்படியே கைக்கு வந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. ‘மைனஸ்’ என்று ஒன்று உண்டு, பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அறிவித்த விலையிலிருந்து இத்தனை பைசா குறைத்துத்தான் வியாபாரி எடுப்பார். சில சமயம் அது வயிற்றில் அடிக்கிற அளவுக்குப் போகும். ஆனாலும் குறைக்கிறோம் என்று சொல்ல, எதிலிருந்து குறைக்கிறோம் என்கிற எண் ஒன்று அங்கே இருக்கிறது. எவ்வளவு இழந்தோம் என்று பண்ணைக்காரருக்குத் தெரிகிறது. தெரிந்தால் சண்டை போடலாம். நமக்கு எவ்வளவு இழக்கிறோம் என்பதே தெரியவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் நான் வார்த்தைக்கு இருபது பைசாவில் ஆரம்பித்து, முப்பது பைசா வரை போனேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய உயர்வாகத் தெரிந்தது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனத்துக்கு ஒரே மாதத்தில் நாற்பத்தெட்டுக் கட்டுரை எழுதினேன். பல் வைத்தியம், பைப் ஃபிட்டிங், கல்யாண மண்டபம், ஆஸ்திரேலியாவில் கார்ப்பெட் கழுவுவது எப்படி என்று எதெதையோ எழுதினேன். ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மறுபடி உட்காருவேன். கழுத்து வலியில் ஆரம்பித்து வலது கை விரல் மரத்துப்போகிற வரை போனது. ராசிபுரத்தில் டாக்டருக்கும் ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தேன். அந்த மாதம் சம்பாதித்ததைவிட அது அதிகம். அன்றைக்குத்தான் பையனுடைய பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் மணிக்கணக்கை எழுத ஆரம்பித்தேன்.

எழுத ஆரம்பித்தவுடன் முதலில் தெரிந்தது எழுதும் நேரம் எவ்வளவு குறைவு என்பது. நம் ஊர் சனிக்கிழமைச் சந்தைக்கு வெளியூர்க்காரர்கள் வருடத்துக்கு வேண்டிய மல்லி, சீரகம், வெந்தயம், மிளகு வாங்க வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மல்லி விற்கிற அம்மா ஒருவரிடம் ஒரு தடவை, மூட்டை என்ன விலைக்கு எடுத்தீர்கள், கிலோ என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள், இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முறத்தை எடுத்து ஒரு கை மல்லியைப் போட்டுப் புடைத்துக் காட்டினார். தூசி, காம்பு, பொக்கு, இரண்டு கல். “இது போக நிக்கறதைத்தான் சாமி நான் விக்கறேன். மூட்டைக்கு நான் குடுத்த காசுல இதுவும் இருக்குது. வேன் வாடகை இருக்குது, சுங்கம் இருக்குது, மழை பேஞ்சா விக்காமத் திரும்பிப் போற சனிக்கிழமை இருக்குது” என்றார்.

நம் நாளும் ஒரு மூட்டைதான். புடைத்துப் பாருங்கள். கிளையன்டைத் தேடுகிற நேரம், மாதிரிக்கட்டுரை அனுப்புகிற நேரம், போனில் “ஒரு நிமிஷம் மேடம்” என்று ஆரம்பித்து முக்கால் மணி ஆகிற நேரம், இன்வாய்ஸ், அந்த இன்வாய்ஸுக்குப் பணம் கேட்டு மூன்று தடவை மெசேஜ் போடுகிற நேரம், கரண்ட் போன நேரம், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிற நேரம். ஏழு மணி நேரம் உட்கார்ந்தால் விற்க நிற்பது நான்கு மணி. எனக்கு மூன்று மாதம் எழுதிப் பார்த்ததில் வந்தது நான்குக்கும் சற்றுக் குறைவு. உங்களுக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு மாதமாவது எழுதுங்கள். இந்த மடலில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் என்னுடையவை அல்ல, நம் ஊர்ப் பக்கம் ஒரு சின்னக் குடும்பத்தைத் தாங்குகிற ஒருவருக்குப் பொருந்துகிற மாதிரி எடுத்திருக்கிறேன். உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 22,000. வருடத்துக்கு 2,64,000. அடுத்து தொழில் செலவு. அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப் நான்கு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 15,000. இன்டர்நெட்டும் போன் ரீசார்ஜும் 13,800. யுபிஎஸ் பேட்டரி, நாற்காலி, கரண்ட் பில்லில் நம் பங்கு, சந்தா கட்டும் சாஃப்ட்வேர் எல்லாம் 11,200. ஆக 40,000. அதற்கடுத்து, கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்குக் கேட்காமலே கிடைப்பது, நாம் நம் கையிலிருந்து போட வேண்டியது. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 20,000, பிஎஃப் இல்லாததற்கு மாதம் மூவாயிரம் சேமிப்பு, வருடத்துக்கு 36,000. வேலையே வராத மாதத்துக்கும் வராமல் போகிற பில்லுக்கும் சேர்த்து 30,000 ஒதுக்குங்கள். கூட்டினால் 3,90,000.

இதில் வருமான வரிக்கு நான் தனியாக எதுவும் வைக்கவில்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தரும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். உங்களில் பாதிப் பேர் தாக்கல் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். பத்தில் ஒரு பங்கு கூலியை விட்டுவிட்டு வருகிறீர்கள் அம்மணிகளா, அது உங்கள் காசு.

நாட்களுக்கு வருவோம். 365-ல் ஞாயிறு 52 போனால் 313. பொங்கல், தீபாவளி, ஆடிப் பதினெட்டு, ஊர் நோம்பி, காய்ச்சல், பிள்ளைக்குக் காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்று 38 நாளாவது போகும். மீதி 275. நாளுக்கு விற்கக்கூடிய நான்கு மணி என்றால் வருடத்துக்கு 1,100 மணி. 3,90,000-ஐ 1,100-ஆல் வகுத்தால் 355 ரூபாய். இதுதான் அடக்க விலை. முட்டைக்குத் தீவனச் செலவு மாதிரி. இதற்குக் கீழே விற்கிற ஒவ்வொரு மணிக்கும் நாம் கைக்காசு போடுகிறோம், அல்லது உடம்பைப் போடுகிறோம், அல்லது அப்பாவின் பென்ஷனைப் போடுகிறோம். அதன்மேல் தொழில் வளர இருபது சதவீதம் வையுங்கள். மணிக்கு 425 ரூபாய்.

ஆயிரம் வார்த்தைக் கட்டுரைக்கு விஷயம் தேட ஒன்றரை மணி, எழுத இரண்டரை, திருத்த அரை, கிளையன்ட் சொன்ன மாற்றத்துக்கு ஒரு மணி என்றால் ஐந்தரை மணி. 425 வீதம் ஏறக்குறைய 2,340 ரூபாய். அதாவது வார்த்தைக்கு இரண்டு ரூபாய் முப்பத்து நான்கு பைசா. போனில் கேட்ட தங்கைக்கு இதே கணக்கில் மணிக்கு 64 ரூபாய்கூட விழவில்லை. அவளுடைய 350 ரூபாயில் அன்றைய தொழில் செலவு மட்டும் 145 போய்விடும். நாற்பதாயிரத்தை 275 நாளுக்குப் பங்கிட்டால் அதுதான் வருகிறது. மிஞ்சுவது 205.

இரண்டு ரூபாய் முப்பத்து நான்கு பைசாவா, யார் தருவார் என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. நேரடிக் கிளையன்ட் தருகிறார். நமக்கு முப்பத்தைந்து பைசா தருகிற ஏஜென்சி அந்த வேலையை வெளியே என்ன விலைக்கு எடுக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஆனால் ஒரே நாளில் எல்லோரும் அந்த விலைக்குத் தாவிவிட முடியாது. அதையும் அறிந்துதான் சொல்கிறேன். எனக்கே முப்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு வர மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் எவ்வளவு பள்ளத்தில் நிற்கிறேன் என்ற எண் என் நோட்டில் இருந்தது. ஏழு கிளையன்டில் எவரை முதலில் விட வேண்டும் என்பதை அந்த எண்தான் சொன்னது. குறைந்த விலைக்காரரைத்தான் விடுவேன் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டபோது, வார்த்தைக்கு எண்பது பைசா கொடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டுரையையும் நான்கு தடவை திருப்பி அனுப்பிய ஒருவர்தான் மணிக்கணக்கில் மிகக் குறைவாகத் தந்துகொண்டிருந்தார்.

இந்த மணிக்கணக்கைக் கிளையன்டிடம் சொல்ல வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். நம் ஊர் வியாபாரியிடம் “மணிக்கு 425” என்றால், “எத்தனை மணி ஓட்டுவியோ” என்று அவர் மனம் போகும். அவர் மீது தப்பில்லை. தவிர, நாளைக்கு நீங்கள் இதே கட்டுரையை மூன்று மணியில் முடிக்கப் பழகிவிட்டால், மணிக்கணக்கில் வாங்குகிறவருக்கு உங்கள் திறமை உங்களுக்கே நஷ்டம் ஆகிவிடும். மணி விலை உங்கள் நோட்டில் இருக்கட்டும், வெளியே வேலைக்கு விலை சொல்லுங்கள்.

அந்த விலையை வார்த்தைக்கு இவ்வளவு என்று ஒரே கோடாகச் சொல்வதையும் நான் விட்டுவிட்டேன். அதைத் திருச்செங்கோட்டுக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இந்தியா முழுக்கப் போர்வெல் போடப் போகிற ரிக் வண்டிகள் அவர்களுடையவை. அடிக்கு இவ்வளவு என்றுதான் அவர்களும் பேசுவார்கள். ஆனால் முதல் சில நூறு அடிக்கு ஒரு விலை, அதற்குக் கீழே போகப் போக அடிக்கு விலை ஏறும். ஆழத்தில் டீசல் அதிகம், பிட் தேய்மானம் அதிகம், ராடு கோக்கிற நேரம் அதிகம். ஐந்நூறாவது அடியும் ஐம்பதாவது அடியும் ஒன்று என்று எந்த ரிக் வண்டிக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். டீசல் ஏறினால் சங்கத்தில் கூடி, அடிக்கு இவ்வளவு கூட்டியிருக்கிறோம் என்று அறிவித்துவிடுவார்கள்.

நாம் மட்டும் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்கும், சிறுநீரகக் கோளாறு பற்றிய கட்டுரைக்கும் வார்த்தைக்கு ஒரே பைசா வாங்குகிறோம். பின்னதில் ஒரு தப்பு வந்தால் ஒருவர் மருந்தை நிறுத்திவிடலாம். அதைச் சரிபார்க்க நீங்கள் செலவிடும் இரண்டு மணி நேரம் ஆழத்து அடி. அதற்கு வேறு விலை.

தங்கைகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பாதிக்கு மேல் பெண்கள். “வீட்ல சும்மா இருக்கறதுக்கு இது பரவால்ல, கைச்செலவுக்கு ஆச்சு” என்று வீட்டில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார், எனக்கு ஆதரவாகத்தான் சொன்னார். ஆனால் கைச்செலவு என்ற அந்தச் சொல் விலையைத் தின்றுவிடுகிறது. நம் நேரத்துக்கு ஏற்கெனவே யாரோ சோறு போட்டுவிட்டார்கள், இது மேல்வரும்படி என்று ஆகிவிடுகிறது. அது ஏஜென்சிக்காரருக்கும் தெரியும். “ஹவுஸ் வைஃப், ஸ்டூடன்ட் விண்ணப்பிக்கலாம்” என்று அவர் விளம்பரத்தில் போடுவது நம்மேல் உள்ள மதிப்பால் அல்ல. வீட்டுக்காரர் சம்பளத்தையோ, அப்பா அம்மாவின் வருமானத்தையோ தன் முதலீடாக அவர் கணக்குப் போட்டுவிட்டார். கணக்கு போடும்போது, இந்த வீடு உங்கள் ஒருவர் சம்பாத்தியத்தில்தான் நடக்கிறது என்று வைத்துப் போடுங்கள். ஒரு நாள் அப்படி நடக்க வேண்டி வரலாம். எனக்கு வந்தது.

ஆரம்பத்தில் விலை குறைத்துத்தானே உள்ளே போக முடியும் என்பீர்கள். சந்தையில் போணி என்று ஒன்று உண்டே. காலையில் முதல் ஆள் வந்து குறைத்துக் கேட்டால், போணியாகட்டும் என்று கொடுப்பார்கள். கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு போணிதான். ஒரு கிளையன்டுக்கு ஒரு கட்டுரை போணி விலையில், அதுவும் “என் விலை இது, முதல் கட்டுரை என்பதால் இவ்வளவு” என்று எழுத்தில் சொல்லிவிட்டு. சொல்லாமல் குறைத்தால் அதுவே உங்கள் விலையாகிவிடும். கொசுறும் அப்படித்தான். காய் நிறுத்து, காசு பேசி முடித்த பிறகு கறிவேப்பிலை கொசுறாக விழும். அதை விற்கிறவர் கை எடுத்துப் போட வேண்டும், வாங்குகிறவர் தராசுத் தட்டிலிருந்து அள்ளக்கூடாது. ஒரு திருத்தம் நான் தருவேன். இரண்டாவது திருத்தத்துக்குத் தனி விலை உண்டு என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறேன். எழுத ஆரம்பித்த பிறகு இரண்டாவது திருத்தம் கேட்பதே குறைந்துவிட்டது.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்ததற்குப் பிறகு நம் தொழிலில் நடந்தது உங்களுக்கும் தெரியும். என் கிளையன்ட் இருவர் மெசேஜ் கூடப் போடாமல் நின்றுவிட்டார்கள். இப்போது வருகிற வேலையில் பாதி, “ஏஐ எழுதினதை மனுஷன் எழுதின மாதிரி மாத்திக் கொடுங்க, வார்த்தைக்குப் பத்துப் பைசா.” இந்த வேலையை வார்த்தைக் கணக்கில் மட்டும் எடுக்காதீர்கள். அந்த வரைவில் இல்லாத ஊர் இருக்கும், நடக்காத ஆண்டு இருக்கும், யாரும் சொல்லாத மேற்கோள் இருக்கும். ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுப் படிக்க வேண்டும். புதிதாக எழுதுவதைவிடச் சில சமயம் அதிக நேரம் ஆகிறது. இங்கே மட்டும் நான் கிளையன்டிடம் நேராக மணி விலையே சொல்கிறேன். நேரம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வேலைக்கு மணிக்கூலிதான் சரி.

விலை பேசியாயிற்று, பணம் வர வேண்டுமே. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்காக 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. ஊதியக் குழுக்கள் போட்டார்கள். மஜீதியா குழு சொன்ன சம்பளம் 2011-ல் அறிவிக்கப்பட்டு, முதலாளிகள் வழக்குப் போட்டு, 2014-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நம்மைப் போலத் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அப்படி ஒரு குழு இல்லை. பிரிட்டனில் பத்திரிகையாளர் சங்கம் ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கு வழிகாட்டும் விலைகளை வெளியிடுகிறது. நியூயார்க் நகரத்தில் 2017 மே முதல், 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி பேசாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நமக்கு அவ்வளவு இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. உத்யம் பதிவு செய்யுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. அதற்குக் காசு கேட்கிறவரை நம்பாதீர்கள். பதிந்துவிட்டால் சட்டப்படி நீங்கள் ஒரு குறு நிறுவனம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. இதற்கென்று உள்ள அரசு இணையத் தளத்தில் புகார் செய்யலாம். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டித் தராமல் வைத்திருக்கும் தொகையை, தருகிற வரை, வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அதனால் கிளையன்டின் ஆடிட்டரே அவரைக் கேட்பார். என் இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட ஆரம்பித்ததிலிருந்து “அடுத்த வாரம் பார்க்கலாம் மேடம்” என்பது கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் பில் போட முடியாது என்று சிலர் சொல்வார்கள். வருடத்துக்கு இருபது லட்சத்துக்குக் கீழே சேவை விற்கிறவருக்கு அது கட்டாயமில்லை.

எல்லோரும் ஒரே விலை வைப்போம் என்று நான் கூப்பிடவில்லை. உங்கள் வீட்டுச் செலவு வேறு, என் கை வேகம் வேறு. ஒரே கணக்கைப் போடுவோம், வந்த எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லுவோம். முதலில் நான் சொல்லிவிடுகிறேன். என் அடக்க விலை மணிக்கு 410 ரூபாய். சாதாரணக் கட்டுரைக்கு வார்த்தைக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறேன், மருத்துவம், சட்டம் என்றால் மூன்றரை. ஏஐ வரைவைச் சரிபார்க்க மணிக்கு 500. பழைய கிளையன்ட் ஒருவருக்கு இன்னும் ஒரு ரூபாய் இருபது பைசாவில் எழுதுகிறேன். அவர் மாதம் முதல் தேதியே பணம் போட்டுவிடுகிறார், என்றாலும் அது அடக்க விலைக்குக் கீழேதான். வரும் தை முதல் ஒன்று அறுபது என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

ஆடி முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை, சந்தைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடைக்கு மேலே இருக்கும் அறையைக் கேட்டு வைத்திருக்கிறேன். பத்துப் பேர் உட்காரலாம், நெருங்கினால் பதினைந்து. நாமக்கல்லில் இருந்து வருகிறவர்கள் சேந்தமங்கலம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் சந்தை வாசலிலேயே இறங்கலாம். ஒரு மாதம் மணிக்கணக்கு எழுதிய நோட்டை மட்டும் கொண்டு வாருங்கள். காலையிலேயே வாருங்கள், பதினோரு மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது, தகரக் கூரை.

அன்புடன்,
உங்கள் அக்கா,
பேளுக்குறிச்சி.